சம்பந்திகள் பார்க்கப் போன அருவி

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் பரிவஷ் நின்றுவிட்டாள். இடது பக்கம் போவது கொஞ்சம் அகலமான வழி. பலர் மிதித்துச் சருகெல்லாம் நைந்து கிடந்தது. வலது பக்கம் ஓர் ஒற்றையடித் தடம் ஓடையை ஒட்டிச் சரிவில் இறங்கி மரங்களுக்குள் போய் மறைந்தது. இடதுதான் அருவிக்குப் போகும் வழி என்று அவளுக்கு முக்கால்வாசி தெரியும். தெரிந்தால் பேசாமல் திரும்பியிருக்க வேண்டியதுதானே? மகளைப் பெண்கேட்டுப் பாலைவன ஊரான யஸ்திலிருந்து வந்திருக்கும் சம்பந்தியம்மாளைக் கலந்துகொள்ளாமல் ஒரு திருப்பம் திரும்பினால் மரியாதை என்னாவது என்று நினைத்து, "உங்களுக்கு எந்தப் பக்கம் போனாப் பிடிக்கும், சம்பந்தியம்மா?" என்று கேட்டுவைத்தாள்.

நீங்கள் கூட்டிப்போகிற பக்கம் எதுவானாலும் எனக்குச் சொர்க்கம்தான் என்றாள் பெஹ்ஜத். அதெப்படி, நாங்கள் எப்போதும் பார்க்கிற காடு, உங்கள் விருப்பம்தான் முக்கியம் என்றாள் பரிவஷ். உங்கள் ஊரில் வந்து நான் வாய் திறப்பேனா என்றாள் பெஹ்ஜத். தூறலில் நின்றுகொண்டு இரண்டு பேரும் இப்படியே உபசாரம் பேசினார்கள். கடைசியில், இதை எப்படியாவது முடித்துவைக்க வேண்டுமே என்று பெஹ்ஜத் வலது பக்கம் கையை நீட்டினாள். தண்ணீர்ச் சத்தம் அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். விருந்தாளி கைகாட்டிய பிறகு அது வழியில்லை என்று சொல்ல எந்த வீட்டுப் பெண்ணுக்கு வாய் வரும்? "சரியாச் சொன்னீங்க, அதேதான்" என்று பரிவஷ் முன்னால் இறங்கினாள்.

உண்மையைச் சொன்னால் அருவி பார்க்கும் ஆசை இரண்டு பேருக்குமே கிடையாது. மேலே, வண்டிகளை நிறுத்திய புல்வெளியில், விரிப்பு விரித்து, டீ போடும் சமோவாரை மூட்டிவிட்டு ஆண்கள் கபாபுக்குக் கரி விசிறிக்கொண்டிருந்தார்கள். கரி நமுத்துப்போய்ப் புகைந்ததே தவிர பிடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாயிராதே என்று பெஹ்ஜத், இங்கே பக்கத்தில் அருவி இருக்கிறதாமே, கொடுத்து வைத்தவர்கள் நீங்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அதை ஆசை என்று எடுத்துக்கொண்ட பரிவஷ், வாங்களேன் காட்டுகிறேன் என்று ஒரு பேச்சுக்கு எழுந்தாள். எழுந்துவிட்டவளிடம் முழங்கால் வலி என்று சொன்னால் முகம் வாடிவிடுமே என்று பெஹ்ஜத்தும் எழுந்தாள். இந்தக் காடு எனக்கு அடுக்களை மாதிரி என்று பரிவஷ் வேறு சொல்லித் தொலைத்திருந்தாள். இந்த வடக்குக் கடலோர ஊரான தோனெகாபொனில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் அவள் புழக்கமெல்லாம் கடற்கரைப் பக்கம். அருவிக்குக் கடைசியாக வந்தது கல்யாணமான புதிதில், அதுவும் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு வழியையா பார்த்தாள்?

அன்று சாயங்காலம் வீட்டில் பெரியவர்கள் கூடிச் சம்மதம் சொல்லி, பெஹ்ஜத்தின் மகன் பெஜ்மான் கொண்டுவந்திருக்கும் மோதிரத்தைப் பரிவஷின் மகள் கோல்நாரின் விரலில் போடுவதாக ஏற்பாடு. பெண்ணும் பையனும் தெஹ்ரானில் சேர்ந்து படித்தவர்கள். கோல்நார் அவன் பெயரைச் சொல்லும்போதே முகம் மாறுவதைப் பார்த்த நாளிலிருந்து, இது நடந்துவிட வேண்டும் என்று பரிவஷ் நேர்ந்துகொள்ளாத இடமில்லை. அவள் புருஷன் நொஸ்ரத் வீடு வாசல் எதையும் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா? அவருடைய அம்மாவுக்கு முதலில் கால்விரல் போயிற்று, பிறகு கால், பிறகு கண். அந்த அம்மாளைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போயே அவருடைய இளமை கழிந்தது. சர்க்கரை உள்ள வீட்டுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன், தந்தால் நாளைக்கு அவளும் தூக்குவாள், அவள் பிள்ளைகளுக்கும் வரும் என்று மகளை வைத்துக்கொண்டே சொன்னவர். ஆண்டவன் புண்ணியத்தில் எங்கள் பக்கம் அப்படி எதுவும் கிடையாது என்று தொலைபேசியில் பதில் சொன்னவள் பெஹ்ஜத்தான். அந்தப் பதில் வந்த அன்றைக்குத்தான் நொஸ்ரத் வீட்டில் இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

தடம் வரவரச் செங்குத்தாகிக்கொண்டே போனது. ஈரச் சருகு காலடியில் வழுக்கியது. பரிவஷ் புதுச் செருப்பின் குதியை ஊன்றி ஊன்றி இறங்கினாள். பின்னால் வந்த பெஹ்ஜத் அடிக்கடி நின்று, ஆகா என்ன மரம், என்ன பாசி என்று வியந்தாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் வியக்கிறாள் என்று பரிவஷுக்குப் புரிந்தது. திரும்பிப் போகலாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால், உனக்கு நடக்கத் தெம்பில்லை என்று சொன்னமாதிரி ஆகிவிடாதா? ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தாள். காலையில் ஒரு கடி ரொட்டியும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்தவள் இவள். நான் கொடுத்ததைத் தின்னவில்லை, ஒளித்து வைத்துத் தின்கிறாள் பார் என்று பரிவஷுக்குச் சுருக்கென்றது.

அப்புறம் அந்த மரம் வந்தது. இலையெல்லாம் கொட்டி, கிளைகள் முழுக்கக் கோலிக்குண்டளவு கருப்புப் பழங்களாக நின்றது. வடக்கே எல்லா வீட்டிலும் இந்தக் காட்டுப் பழத்தைக் காய்ச்சித்தான் குளிர்காலத்துக்குப் பாகு எடுப்பார்கள். பனி விழுகிற வரை வாயில் வைக்க முடியாத துவர்ப்பு, விழுந்துவிட்டால் தேன். பனி விழுந்தாகிவிட்டது. ஒன்று பறித்துக் கொடுக்கலாமே என்று கிட்டே போனவள் தரையைப் பார்த்ததும் பின்வாங்கினாள். மரத்தடியில் பெரிய பெரிய சாணம் கிடந்தது, அது முழுக்கப் பழத்தின் விதைகள். மரப்பட்டையில் மேலிருந்து கீழாக நான்கைந்து கோடுகள். அந்தக் கோடுகள் இன்னும் வெளுப்பாக, ஈரமாக இருந்தன. விருந்தாளியிடம் கரடி என்று சொல்வதா? "இந்தப் பக்கம் சேறா இருக்கு, கொஞ்சம் வெரசா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள். மேலே ஏறி ஓடியிருக்க வேண்டியவள் கீழே இறங்கி ஓடினாள். ஏனென்றால் அந்த மரத்தைத் தாண்டி அவர்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள்.

தண்ணீர்ச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்து, ஒரு பாறையைச் சுற்றியதும் காதை அடைத்தது. அருவி இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் நினைத்த அருவி இல்லை. அங்கே டீக்கடை இருக்கும், சோளம் சுடுபவன் இருப்பான், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். இங்கே மூன்று பக்கமும் பாசி படர்ந்த பாறைச் சுவர், நடுவே கருத்த ஒரு மடு, அதில் விழும் தண்ணீர். வேறு ஒரு ஜீவன் கிடையாது. மனிதக் கால் பட்ட அடையாளமே இல்லை. ரொம்ப அழகு என்று பெஹ்ஜத் கத்தினாள். உங்கள் காலடி பட்டதால் இன்னும் அழகு என்று பரிவஷும் கத்தினாள். கத்திக்கொண்டே கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். இணைப்பு இல்லை. நிமிர்ந்தபோது அருவியின் தலையைக் காணவில்லை. மேலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மரங்களை உச்சியிலிருந்து ஒவ்வொரு முழமாக விழுங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எங்கிருந்தோ, ஒன்றுமில்லாத வெள்ளையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

இப்போதாவது போகலாம் என்று சொல்லிவிடுவோம் என அவள் திரும்பியபோது பெஹ்ஜத் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சௌகரியம்தானே என்று பரிவஷ் கேட்டாள். ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன் என்று பதில் வந்தது, ஆனால் நாக்குத் தடித்த மாதிரி வந்தது. போகலாமா என்று பரிவஷ் கையை நீட்டினாள். பெஹ்ஜத் அந்தக் கையையே வெறித்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி,

"ஏண்டி, இதைப் பாக்கவா என்னை இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்தே?" என்றாள்.

பரிவஷ் பேயறைந்தமாதிரி நின்றாள். நேற்று வரை கதவு தாண்டுவதற்கு நீங்கள் முதலில் நீங்கள் முதலில் என்று நின்றவள் பேசுகிற பேச்சா இது? பெஹ்ஜத் நிறுத்தவில்லை. உன் வீடெல்லாம் மீன் நாற்றம், ராத்திரி கண்ணை மூட முடியவில்லை என்றாள். உன் புருஷன் போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்கிறான் என்றாள். உன் மகள் ஈறு தெரியச் சிரிக்கிறாள், என் மகன் எதைப் பார்த்து மயங்கினானோ என்றாள். பரிவஷுக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்தக் கல்யாணமே வேண்டாம், இவளை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று ஒரு கணம் நினைத்தது நிஜம். இரண்டு எட்டு வைக்கவும் வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பெஹ்ஜத் தலைத்துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் முடிச்சைத் தேடி மோவாய், காது, கழுத்து என்று எங்கெங்கோ போய்த் தடுமாறின. கை உதறிக்கொண்டிருந்தது. கண் இருந்த இடத்தில் இருந்தாலும் அதில் ஆள் இல்லை.

"ஊசி போட்டுட்டேன்," என்று பெஹ்ஜத் யாரிடமோ சொன்னாள். "குளியலறையிலதான் போட்டேன். உன் புருஷன் பாத்துட்டானா?"

அவ்வளவுதான், பரிவஷுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மாமியாரோடு இருந்த வீட்டில் அவளுக்கு இது தெரியாததா? சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். முதலில் வேர்க்கும், பிறகு ஏசுவார்கள், பிறகு தூக்கம் வரும், உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் எழுப்ப முடியாது. காலையில் கபாப் சீக்கிரம் ஆகிவிடும் என்று நம்பி ஊசியைப் போட்டுக்கொண்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று உபசாரம் பேசி, நமுத்த கரியைப் பார்த்துக்கொண்டு, பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மலையிறங்கி வந்திருக்கிறாள் இந்த மகராசி. சொன்னால் ஏன் பசி என்று கேள்வி வரும். ஒளித்துத் தின்றது எது என்று பெஹ்ஜத்தின் கைப்பையைக் கவிழ்த்தாள். சாக்ஸுக்குள் சுருட்டிய ஊசிக் குப்பி விழுந்தது. கற்கண்டு சுற்றியிருந்த காகிதம் விழுந்தது, காலியாக. தன் பையைக் கொட்டினாள். சூரியகாந்தி விதையும் முகம் துடைக்கும் தாளும்தான். காகிதத்தில் ஒட்டியிருந்த கற்கண்டுத் தூளை எச்சில் தொட்டு வழித்துப் பெஹ்ஜத்தின் ஈறில் தேய்த்தாள். அது எந்த மூலைக்குக் காணும்?

மேலே ஏறி ஆளைக் கூட்டிவர முடியாது. பனியில் வழியே தெரியாது, தெரிந்தாலும் திரும்பி வருவதற்குள் இவள் பிணமாகிவிடுவாள். கத்திப் பார்த்தாள். அருவி அவள் குரலைப் புல்வெளி வரை விடவில்லை. பெஹ்ஜத்தின் தலை தொங்க ஆரம்பித்தது. இனிப்பு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. நகக்கோடு போட்ட அந்தப் பழமரத்தில். வேறு எதையாவது நினைக்க முடியுமா என்று நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. மயக்கத்தில் உருண்டு மடுவில் விழுந்துவிடாமல் பெஹ்ஜத்தை அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பாறைச் சுவரோரம் சாய்த்தாள். தன் தலைத்துணியை அவிழ்த்து ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் மறுமுனையை ஒரு வேரிலும் கட்டினாள். "இந்தா வந்துடுறேன்" என்றாள். யார் கேட்டார்கள்?

ஓடையை வலது பக்கம் வைத்துக்கொண்டே ஏறினால் மரம் வரும், இடது பக்கம் வைத்துக்கொண்டே இறங்கினால் பெஹ்ஜத் வருவாள் என்று சொல்லிச் சொல்லி ஏறினாள். நீட்டிய கை பனியில் மறைந்தது. ஒவ்வொரு மரமும் கிட்டே வந்த பிறகுதான் மரமாயிற்று, அதற்கு முன் அது எதுவாக வேண்டுமானாலும் இருந்தது. அருவிச் சத்தம் பின்னால் தேய, மற்றச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. சொட்டுகிற தண்ணீர். தன் மூச்சு. பிறகு சடசடவென்று எதுவோ சருகில் விழுந்தது. நின்றாள். மறுபடி சடசடவென்று விழுந்தது, மழைக்கு முந்தின பெருந்தூறல் போல. காலடியில் ஒன்று உருண்டு வந்தது. பழம்.

மரம் எதிரில்தான் இருந்தது. காற்றே இல்லை, ஆனால் கிளை ஆடியது. மேலே, பனி கொஞ்சம் கருப்பாக இருந்த இடத்திலிருந்து சப்புக்கொட்டும் சத்தம் வந்தது, மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. ஒரு பெரிய மனிதர் சூப்புக் குடிப்பதுபோல நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது அது. திரும்பிப் போய்விடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. யார் கேட்கப் போகிறார்கள், போனேன், வழி தெரியவில்லை என்றால் முடிந்தது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பெஜ்மான் கோல்நாரைக் கேட்பதை நினைத்தாள். அந்த நினைப்பும் அவளை நகர்த்தவில்லை. நகர்த்தியது வேறு எதுவோ, அது என்ன என்று பிற்பாடும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முட்டி போட்டாள். நாலுகாலில் மரத்தடிக்குப் போனாள். சாணமும் சேறும் சருகுமாகக் கையில் பட்டதையெல்லாம் தடவி, உருண்டையாக இருந்ததை மடியில் போட்டாள்.

மேலே மெல்லும் சத்தம் நின்றது.

பரிவஷும் நின்றாள். ஒரு கை சருகுக்குள் இருந்தது. தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் கண் பட்டுவிடும். மேலிருந்து கனமான ஒரு மூச்சு வந்தது. ஈர நாயின் வீச்சமும் புளித்த பழத்தின் வீச்சமும் சேர்ந்து அடித்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. கரடியிடம் என்ன சொல்வது? அவள் பிறந்ததிலிருந்து யார் வீட்டு வாசலிலும் சொல்லிப் பழகியதுதான் வாயில் வந்தது. "மன்னிக்கணும்," என்று கிசுகிசுத்தாள். "தொந்தரவு பண்ணிட்டேன். இப்பப் போயிடுறேன்." மேலே ஏதோ அசைந்தது. படீரென்று ஒரு கிளை முறிந்து, காயும் பழமுமாக அவள் தோளில் உரசி விழுந்தது. கிளையின் அடியைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கமாகவே நகர்ந்தாள், ஓடைத் தண்ணீர் காலில் படும் வரை. அப்புறம் விழுந்தாள், எழுந்தாள், ஒரு செருப்பு போயிற்று. இடது பக்கம் ஓடை, இடது பக்கம் ஓடை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

பெஹ்ஜத் கட்டிய இடத்திலேயே இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதிலில்லை. கன்னத்தில் அறைந்தாள், ஒரு முனகல் வந்தது. பழத்தைத் தோலோடு வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், விதை வேறு. பரிவஷ் பழத்தைத் தன் வாயில் போட்டுக் கடித்து, விதையைத் துப்பி, மென்று, கூழைக் கையில் உமிழ்ந்து, விரலால் பெஹ்ஜத்தின் கன்னத்து உட்புறத்தில் வைத்துத் தேய்த்தாள். நேற்று இவளுக்குத் தண்ணீர் கொடுத்தபோது தம்ளரில் தன் விரல் ரேகை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொடுத்தவள் அவள். "முழுங்குடி," என்றாள். "பெஹ்ஜத், முழுங்கு. உன் உபசாரத்தையெல்லாம் தூக்கி உடைப்புல போடு. முழுங்கு." கூழ் உதட்டோரம் வழிந்தது. வழித்து மறுபடி உள்ளே வைத்தாள். அடுத்த பழத்தைக் கடித்தாள். தேனாகத்தான் இருந்தது. தனக்கு இனிப்பதே குற்றம் போல இருந்தது.

மாமியாரை இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பகல்கள் நினைவுக்கு வந்தன. அன்றைக்குக் கூடவே நொஸ்ரத் இருந்தார், டாக்டர் இருந்தார், தெரு இருந்தது. இன்றைக்கு அருவி மட்டும்தான். இவள் செத்துப்போனால் என்ன சொல்வது, எதை மறைப்பது என்றெல்லாம் மனசு ஓடியது. நடுவே ஒரு நினைப்பு, இவள் இப்படியே போய்விட்டால் சர்க்கரை விஷயம் வெளியே தெரியாமலே போகும் என்று. அந்த நினைப்பு தன்னுடையதுதானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. பெஹ்ஜத்தின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலும் கீழும் அசைந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி அசைந்தது. உதடு தானாக விரலைத் தேடியது.

கண்ணில் ஆள் திரும்பி வர நேரமாயிற்று. முதலில் பெஹ்ஜத் தன் கட்டியிருந்த கையைப் பார்த்தாள், பிறகு தலைத்துணி இல்லாத பரிவஷைப் பார்த்தாள், பிறகு கிளையைப் பார்த்தாள். கிளையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல், பழத்தைப் பறித்துப் பறித்துத் தின்றாள். பரிவஷ் அப்போதுதான் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

"நான் ஏதாவது பேசினேனா?" என்று பெஹ்ஜத் கேட்டாள்.

தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள் பரிவஷ். ஈரப் பாறையில் சாக்ஸிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு அந்த ஊசிக் குப்பி கிடந்தது. அதை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

"பெஜ்மான் மொதல்லயே சொல்லிடலாம்னுதான் சொன்னான்," என்றாள் பெஹ்ஜத். "நான்தான் அவன் வாயை அடைச்சேன். சொல்லியிருந்தாக் குடுத்திருப்பீங்களா?"

பரிவஷ் பதில் தேடினாள். கொடுத்திருப்போம் என்று சொல்வதுதான் முறை. வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட இடங்களில் அவள் வாய்க்குப் பதில் தானாக வந்திருக்கிறது. இப்போது வரவில்லை. குனிந்து, வேரில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

அப்போது மேலேயிருந்து குரல் கேட்டது. பனியில் எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. முதலில் வெறும் ஓசை, பிறகு அவள் பெயர். நொஸ்ரத். கூடவே பெஜ்மானின் குரல் அம்மா என்றது. பரிவஷ் துள்ளி எழுந்தாள். வாயைத் திறந்தவளின் பாவாடையைப் பெஹ்ஜத் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் முந்தி முடிச்சை அவிழ்க்க முடியாத கை இப்போது அப்படி ஒரு பிடி பிடித்தது. சாவுக்குப் பயப்படாத அந்த முகத்தில் இப்போது பயம் இருந்தது. அவள் ஒன்றும் கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவள் வாய், மோவாய், கழுத்து எல்லாம் கருத்த பழக்கூழ். சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அம்மாவை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட மனிதர் நொஸ்ரத். அவருக்கு ஒரு பார்வை போதும்.

ஆனால் குரல் கொடுக்காமலும் இருக்க முடியாது. அவர்கள் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த மரத்துக்கு நேராக. பரிவஷ் கையைக் குவித்து, இங்கே இருக்கிறோம், தடத்தில் வராதீர்கள், ஓடைக்கு அந்தப் பக்கமாக வாருங்கள், மரத்தில் கரடி இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினாள். மேலே குரல்கள் சட்டென்று நின்றன. எதுவுமே கேட்காத அந்த இடைவெளியில் இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தண்ணீரில் கால் பதியும் சத்தம் வந்தது, கல் உருளும் சத்தம் வந்தது. ஓடையின் அந்தக் கரையில்தான் வந்தார்கள்.

பரிவஷ் ஊசிக் குப்பியை எடுத்துத் தன் மார்புக்குள் செருகினாள். மடுவில் கையை நனைத்துப் பெஹ்ஜத்தின் மோவாயைத் துடைத்தாள். போகவில்லை. மணலை அள்ளித் தேய்த்தாள். தோல் சிவந்தது, கறை இன்னும் பரவிற்று. "வலிக்குதா?" என்று கேட்டாள். பெஹ்ஜத் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு யோசித்து, "வலிக்குது" என்றாள். பரிவஷ் தேய்ப்பதை நிறுத்தினாள். குனிந்து தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தாள், அவள் வாயும் காது வரை கருத்திருந்தது. சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. அவள் பெஹ்ஜத்தை ஒட்டிப் பாறையில் உட்கார்ந்தாள், முறிந்த கிளையை இரண்டு பேர் மடியிலும் படும்படி இழுத்துப் போட்டாள். பெஹ்ஜத் ஒரு பழத்தைப் பறித்தாள், அவளும் ஒன்று பறித்தாள். பார்க்கிறவர்களுக்கு, பழம் தின்ன உட்கார்ந்த இரண்டு பேர். வெள்ளைக்குள் முதலில் நொஸ்ரத்தின் சிவப்பு மேல்சட்டை தெரிந்தது, அப்புறம் அவருடைய கை, அப்புறம் கண். ஓடையின் அக்கரையில் அவர் நின்றுவிட்டார். கருத்த வாயோடு, மெல்லுவதை நிறுத்தாமல், இரண்டு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.